சாத்தாங்காட்டுப் பருத்தி

அண்ணாச்சிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் தெருவில் முதலில் சொன்னவள் கெங்கம்மா. சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அந்தக் கிறுக்குக்கு இடம் கொடுத்ததே அவள்தான்.

அண்ணாச்சி என்றால் மாசானம். திருவொற்றியூர் தேரடிக்கு உள்ளே, எங்கள் தெரு முனையில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு விற்கிற கடை அவருடையது. மாடு, எருமை வைத்திருக்கிற எல்லோரும் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, பருத்தியை நம்பிப் பிழைக்கிற ஒரு சின்ன டவுன். ஒரு கடைத்தெரு, இரண்டு ஜின்னிங் மில், நாலு பஸ் வந்து திரும்புகிற ஒரு ஸ்டாண்டு, அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டுகிற வரை கறுப்பு மண். ஆறாம் வகுப்பில் கணக்கு வரவில்லை என்று அவரைச் சித்தப்பா கடைக்கு ரயிலேற்றி விட்டார்கள். அப்போது வந்தவர் வந்தவர்தான். ஆனால் யாராவது 'கடைக்காரரே' என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு, முகம் கோணிவிடும். "கடை என்னய்யா கடை, நான் சம்சாரி மவன்" என்பார். அவர் ஊரில் சம்சாரி என்றால் விவசாயம் செய்கிறவன். எங்கள் தெருவிலே பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவனெல்லாம் சம்சாரி. ஆகவே அவர் அதை ஏன் இவ்வளவு பெருமையாகச் சொல்கிறார் என்று எங்களுக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

அவர் மனைவி சீனியம்மாள் வேறு ரகம். பக்கத்துக் கிராமத்துக்காரி, பாவாடை கட்டின நாளிலிருந்து பருத்திக் காட்டில் கிடந்தவள். ஆனால் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "உங்க ஊரு எப்டிக்கா கீது?" என்று கேட்டால், "வெயிலா இருக்கும்" என்பாள். அதோடு சரி.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணியில், அத்தாவுல்லாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு மாசானத்தின் அண்ணனிடமிருந்து போன் வந்தது. மகன் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டான், தனக்கு முட்டி மடங்கவில்லை, நிலத்தைப் பார்க்க ஆளில்லை, வருகிற கோடை கழிந்ததும் நீ வந்து ஏரைப் பிடி, இல்லாவிட்டால் முள்ளுதான் முளைக்கும் என்றார் அண்ணன். மாசானம் பூத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. கடையை அரிசி மண்டி எபினேசரிடம் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போவது என்று தெருமுனையிலேயே முடிவாகிவிட்டது.

வீட்டில் ஒரே மகள், மாரிக்கனி. அப்போதுதான் ப்ளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு விடியற்காலையில் வந்து வேலைக்கு அள்ளிக்கொண்டு போகிற தீப்பெட்டி ஆபீஸ் வண்டிதான். அல்லது பருத்திக் காடு. இது மாசானத்துக்குத் தெரியாதா? தெரியும். மனிதருக்கு ஆசை வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், என்ன செய்வது.

அன்றைக்குக் கெங்கம்மா எருமைக்குப் பருத்திக்கொட்டை வாங்க வந்திருந்தாள். கெங்கம்மாவின் புருஷன் ஜெயவேல் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். சாத்தாங்காட்டில் ஒரு மனை வாங்கி, ஏரி மண் அடித்து மேடாக்கி, வீடு கட்ட முடியாமல் அதில் எருமை கட்டி வைத்திருந்தார்கள். கெங்கம்மா வாங்க வந்ததை விட்டுவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கேட்டாள்.

"போவோம்ங்கேன். வாயத் திறக்க மாட்டேங்குத" என்றார் மாசானம்.

சீனியம்மாள் கொட்டையைப் படியில் அளந்துகொண்டே கேட்டாள். "நீங்க ஒரு செடி பருத்தி வச்சிப் பாத்திருக்கீங்களா?"

"என்னட்டி பேசுத! சம்சாரி மவனப் பாத்துக் கேக்கிற கேள்வியா இது?"

"மவன்தான். சம்சாரி இல்லையே."

கெங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்டி போடு! அண்ணாச்சி, இன்னாத்துக்கு மொறைக்கிற? த்தோ, எங்க சாத்தாங்காட்டு மனை எரும கட்ன எடம் போவ மிச்சம் சும்மாதான கீது. அங்க போட்டுக் காட்டு. வெளஞ்சா ஊருக்குப் போ. வெளையலன்னா மூடிக்கினு கடையில குந்து."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் சீனியம்மாள் படியைக் கீழே வைத்தாள்.

"சரி. அங்கன பருத்தி வெடிச்சிக் கையில வந்துச்சுன்னா, நானும் பிள்ளையும் மறுபேச்சு இல்லாம உங்க பின்னால வாரோம். வரலன்னா இந்த வீட்டுல ஊருப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மாசானம் மீசையைத் தடவிக்கொண்டு.

உள்ளேயிருந்து மாரிக்கனி பாய்ந்து வந்தாள். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண், பேச்சும் எங்கள் பேச்சுதான். "எம்மா! என்னிய ஒரு வார்த்த கேக்காம நீ இன்னாத்துக்கு ஒத்துக்கின?"

சீனியம்மாள் அவளை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் காதோடு சொன்னாள். "கத்தாதட்டி. உங்கப்பா பருத்தி வளத்துட்டாலும்! நீ போயிப் படி."

மாசானத்துக்கு அந்த மனையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஏரி மண் கறுப்பாக, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு கட்டியை எடுத்து உடைத்து மோந்து பார்த்து, "கரிசல்! அச்சு அசலு கரிசல்!" என்றார். எருமை ஒன்று அவரைத் திரும்பிப் பார்த்தது. ஜெயவேல், "அண்ணாச்சி, அது ஏரிச் சேறு" என்றான். அவர் காதில் அது ஏறவில்லை.

விதைக்கு எங்கே போவது? கடையிலேயே மூட்டை மூட்டையாகக் கொட்டை இருக்கிறதே! ஒரு படி அள்ளிக்கொண்டு போய்ப் புரட்டாசிக் கடைசியில் விதைத்தார். பஞ்சு ஒட்டிய கொட்டை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்துக் கொத்தாக விழுந்து, முளைக்காமல் அழுகிப்போனது. பூத்துக்குப் போய் அண்ணனிடம் சொன்னார். போனில் பேசும்போது மாசானம் கத்துகிற கத்தலில் கோவில்பட்டிக்கு வயர் தேவையே இல்லை என்பார் அத்தாவுல்லா. அதனால் மறுநாள் தெருவுக்கே சங்கதி தெரிந்துவிட்டது. கொட்டையைச் சாணிக் கரைசலில் புரட்டி, கல்லில் தேய்த்து, மண்ணில் உருட்டிக் காயவைத்தால்தான் தனித்தனியாக உதிருமாம். "இது தெரியாமலாலே ஏரு பிடிக்க வாரேங்குத?" என்று அண்ணன் சிரித்தாராம். அங்கே ஊரில் முதல் மழை விழுந்து, ஆம்பளை பொம்பளை எல்லோரும் காட்டில் நிற்கிறார்களாம். கடைத்தெருவில் டீ குடிக்க ஆளில்லையாம்.

சீனியம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். வீட்டில் அவள் ரசம்கூட அந்த வாரம் ருசியாக இருந்தது என்று மாரிக்கனி சொன்னாள்.

இரண்டாம் தடவை விதைத்தது முளைத்துவிட்டது. ஐப்பசி மழை கொட்டித் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோதும், மேடாக்கிய மனை என்பதால் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு மாசானம் செய்தது, மழையைக் கெஞ்சிக் கேட்கிற ஊரில் பிறந்தவர் மட்டும்தான் செய்வார். அவர்கள் ஊரில் ஒரு வண்டி எருவுக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள். இங்கே கெங்கம்மாவின் எருமைச் சாணி மலையாகக் கிடந்தது. காணாததைக் கண்ட பிள்ளைபோல அவர் கூடை கூடையாக அள்ளிச் செடிக்கெல்லாம் அணைத்தார். மழை விட்டதும் தண்ணி லாரியில் பிடித்துக் காலையும் மாலையும் ஊற்றினார். கடைக்கு வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

பொங்கலுக்குச் செடி நெஞ்சளவு வந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. கரும்பச்சை. மணலி ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "சோக்கா கீது அண்ணாச்சி!" என்று ஜெயவேல் கையைக் குலுக்கினான். மாசானம் ஊருக்குப் போகிற தேதி பார்க்க ஆரம்பித்தார். எபினேசர் வந்து கடையின் தராசையும் மூட்டைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

மாரிக்கனி சாப்பிடாமல் படுத்தாள். அப்போதுதான் கெங்கம்மா சீனியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாத்தாங்காட்டுக்குப் போனாள். அதுவரை சீனியம்மாள் அந்தப் பக்கமே போனதில்லை.

செடிகளைப் பார்த்ததும் சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாக்கா சிரிக்கிற? எனக்கு வவுறு எரியுது. நீ பூட்டன்னா நான் யாராண்ட போயி குந்துவேன்?"

"எங்கயும் போகலட்டி கெங்கா. இதுல ஒத்தப் பூக்கூட வராது. எருவும் தண்ணியும் போட்டுக் கொழுக்க வச்சிட்டாரு மனுசன். தின்னு தின்னு இலையா விடுதே ஒழிய, காய்க்கணும்னு அதுக்கு என்ன வந்துச்சு? பருத்தி வாடணும். இனிமே பொழைக்க மாட்டோம்னு பயம் வந்தாத்தான் பூக்கும்."

"மெய்யாலுமா?"

"நீ வேணா பாரு."

கெங்கம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தேரடியில் பஜ்ஜி வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை இது.

மறுநாள் மத்தியானம் கெங்கம்மா எருமைக்குத் தண்ணி காட்டப் போனால், செடிகளுக்கு நடுவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீனியம்மாள் நிற்கிறாள். இரண்டு கையாலும் ஒவ்வொரு செடியின் தலைக் கொழுந்தையும் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அய்ய! இன்னாக்கா பண்ணிகினு கீற?"

சீனியம்மாள் நிமிரவில்லை. "தல கிள்ளுதேன். மேல போறத நிறுத்துனா பக்கத்துல கிளைக்கும். கிளைச்சாப் பூக்கும்."

"உனக்கு இன்னா பைத்தியமா? நேத்துதான பூக்காதுன்னு சொல்லி பஜ்ஜி துன்னோம்? வுட்டா தானா வீணா பூடும். வுடேன்!"

"தெரியுதுட்டி."

"இன்னா தெரியுது? இது பூத்தா நீ ஊருக்குப் போவணும். உம்பொண்ணு படிப்பு பூடும். அது தெரிதா?"

"தெரியுதுன்னுதான சொல்லுதேன்" என்றாள் சீனியம்மாள். "ராத்திரி பூரா கண்ணுக்குள்ள இதுதான் நிக்கி. எங்கய்யா காட்டுல மழை பொய்ச்சிப் போன வருசம், இத்துணூண்டு செடி, முழங்காலுக்கு வராது, ஆளுக்கு ஒரு குடம் சுமந்து ஊத்தி அதுல காய் எடுத்தோம். வெக்கையில மண்ணு சுடும், காலுல செருப்பு கிடையாது. எங்கக்கா ஒருத்தி காட்டுலயே மயங்கி விழுந்தா. அப்படி வளத்த பருத்தி. இது இம்புட்டுத் தண்ணியும் எருவும் வாங்கிட்டு மலடா நிக்கே, இத எப்படிட்டிப் பாத்துட்டுப் போறது? அந்த ஊரு எனக்கு வேண்டாம். ஆனா செடி என்ன பாவம் பண்ணிச்சி?"

கெங்கம்மா தண்ணி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, "பேஜாருக்கா நீ" என்றாள். "எத்த கிள்ளணும், காட்டு."

இரண்டு பேரும் கிள்ளினார்கள். கிள்ளிக்கொண்டே சீனியம்மாள், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊரைப் பற்றிப் பேசினாள். மாசியில் பருத்தி வெடித்தால் டவுனே வெள்ளையாகிவிடுமாம். ஜின்னிங் மில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமாம். பிள்ளைகள் ஒரு கை பருத்தியைக் கொண்டுபோய்க் கடையில் போட்டுச் சேவும் மிட்டாயும் வாங்கித் தின்னுமாம். மழைக்கால இருமலுக்கு, ஊறப்போட்ட கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்களாம். "அந்தப் பருத்திப்பால் மட்டும் நினைச்சா நாக்குல தண்ணி ஊறும். மத்தபடி என்ன, வெயிலுதான்" என்றாள்.

சாயங்காலம் வந்த மாசானம் மொட்டைச் செடிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எருமை மேஞ்சிருச்சே! பாவி மட்டை, கயித்த அவுத்து விட்டுட்டியா?"

"ஆமா அண்ணாச்சி, கவனிக்கல" என்றாள் கெங்கம்மா. எருமை பாவம், அசை போட்டுக்கொண்டு நின்றது. "அத்தோட தண்ணி லாரியும் இனிமே இங்க வராதாம். செடிக்கெல்லாம் தண்ணி இல்ல."

மாசானம் இடிந்துபோனார். செடி வாடியது, இலை தொங்கியது. அவர் தாடி விட்டார். தை கழிவதற்குள் பக்கக் கிளைகள் விட்டு, ஒரு காலையில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. மறுநாள் அதுவே இளஞ்சிவப்பாக மாறிச் சுருண்டது. அவர் பூத்துக்கு ஓடி, "பூத்திருச்சிண்ணே! எரும மேஞ்சும் பூத்திருச்சி!" என்று கத்தியது தேரடிவரை கேட்டது. அங்கே மழை ஏமாற்றிவிட்டது, காய் சுண்டைக்காய் அளவுதான், கூலிக்கு ஆளும் கிடைக்கவில்லை என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். "அதான் நான் வாரேன்லா" என்றார் மாசானம்.

சீனியம்மாள் அதோடு நிறுத்தினாளா? இல்லை. அவர் கடையில் இருக்கிற நேரம் பார்த்துப் போய்க் காயில் விழுந்த புழுவைப் பொறுக்கினாள். மண்ணைக் கொத்திவிட்டாள். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் இலையில் சாம்பல் படியும். ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். எப்படியோ மாரிக்கனி காதுக்குச் சங்கதி போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு நேரே மனைக்கு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீதான் கிள்ளினியாமே? அப்பாவால ஆவாதுன்னு சொல்லி என்னிய படிக்கச் சொல்லிட்டு, நீ வந்து வளத்துகினு கீற. உனக்கு நான் முக்கியமா, இந்தச் செடி முக்கியமா?"

சீனியம்மாள் மண் படிந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீதான்ட்டி முக்கியம். ஆனா கை கேக்க மாட்டேங்கு" என்றாள். மாரிக்கனி அழுதுகொண்டே போய்விட்டாள். அதன்பிறகு பங்குனிவரை தாயும் மகளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கே பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

பங்குனியில் வெடித்தது பருத்தி. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வெள்ளையைச் சாத்தாங்காடு கண்டதில்லை. சுற்றி ஆலைப் புகை, லாரிப் புழுதி, நடுவில் ஒரு மனையளவு வெள்ளை. மாசானம் எங்கள் தெருப் பெண்களையெல்லாம் பருத்தி எடுப்புக்குக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுமுன்னே கிளம்பினோம், கிச்சடியும் மோரும் தூக்கிக்கொண்டு. எபினேசர்கூட வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். மாரிக்கனி வரப்புக்கு வெளியே எருமை பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாசானம்தான் முதல் காயில் கை வைத்தார். வெடித்த காய்த்தோட்டின் நுனி முள்ளாக இருக்கும். நாலு காய் எடுப்பதற்குள் விரலில் ரத்தம். பஞ்சோடு சருகும் சேர்ந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிட்டார். எங்களுக்கும் அதே கதிதான். சீனியம்மாள் மட்டும் சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினாள். இரண்டு கையும் இரண்டு செடியில். தோடு செடியிலேயே நின்றது, பஞ்சு மட்டும் அவள் மடிக்கு வந்தது. சாம்பல் இருந்தால் ஒரு உதறு. மாசானம் நிழலில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அவள் பருத்தி எடுத்து அவர் பார்த்ததே இல்லை.

எடுப்பு முடிந்தது. கெங்கம்மா கேட்டாள், "எங்களுக்கு இன்னா கூலி அண்ணாச்சி?"

மாசானத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க ஊருல கூலி பருத்திதான். அவ அவ எடுத்தத எட்டுக் கூறு வைக்கணும். எடுத்தவ ஒரு கூற எடுத்துக்கிடுவா. எந்தக் கூறுங்கிறது அவ இஷ்டம். நிலத்துக்காரன் வாயத் திறக்கக் கூடாது." சாக்கை விரித்து, ஒவ்வொருத்தி பருத்தியையும் எட்டாகப் பிரித்து வைத்தார். நாங்கள் பெரிய கூறாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு சிரித்தோம். அவருக்கும் ஒரே சந்தோஷம்.

கடைசியாகச் சீனியம்மாள் மடியை அவிழ்த்தாள். எங்கள் எல்லோருடையதையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மாசானம் அதைக் கையால் வாரி அப்படியே கோணிக்குள் தள்ளினார்.

"எனக்குக் கூறு வைக்கல" என்றாள் சீனியம்மாள்.

"ஒனக்கென்ன கூறு? வீட்டுக்காரிக்கு எவனாவது கூறு வைப்பானா? எல்லாம் நம்மளுதுதான!" என்று சிரித்தார் மாசானம்.

அவள் சிரிக்கவில்லை.

"எங்கய்யாவும் இதத்தான் சொல்லுவாரு. கூலிக்கு வந்தவ அத்தன பேரும் கூறு வாங்கிட்டுப் போயி வளையலும் ரிப்பனும் வாங்குவா. அவளுவளுக்கு ரெண்டு மடங்கு எடுத்துட்டு நான் வெறுங்கையோட வீட்டுக்குப் போயி உலை வைக்கணும். கேட்டா, 'வீட்டுப் பிள்ளைக்கு என்னட்டி கூறு'ம்பாரு. நாளைக்கு அங்கன போனா எனக்கும் அதான், எம்மவளுக்கும் அதான்."

"இப்ப எதுக்கு அழுத? ஏட்டி, நாலு பேரு நிக்கிற எடத்துல..."

"நான் வரலைங்க."

மாசானத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "சொன்ன சொல்லு என்னாச்சி? பருத்தி வந்தா வாரேன்னு நீதான சொன்ன? வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சி. தல கிள்ளுனது எரும இல்ல, நான். புழுப் பொறுக்குனது நான். தண்ணிய நிறுத்தச் சொன்னதும் நான்."

"எரும மேல பழியப் போட்டது நானு" என்றாள் கெங்கம்மா அவசரமாக.

"ஊருக்குப் போகணும்னு நான் செய்யல" என்றாள் சீனியம்மாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "சாகக் கெடந்ததப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல, அம்புட்டுதான். அது என் கைக் குத்தம். அதுக்காவ எம்பிள்ளைய அங்கன கொண்டுபோயி விட மாட்டேன். சொல்லு தவறுனவன்னு சொன்னாச் சொல்லிக்கிடுங்க. நீங்க போறதுன்னா போங்க. நானும் பிள்ளையும் கடையப் பாத்துக்கிடுதோம்."

மாரிக்கனி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மாசானம் தன் விரல்களைப் பார்த்தார். ரத்தம் காய்ந்து பஞ்சு ஒட்டியிருந்தது. கோணியைக் கவிழ்த்து அவள் பருத்தி முழுவதையும் அவள் முன்னால் கொட்டினார். கூறு வைக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார். எபினேசர் எதையோ கேட்க வாயெடுத்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டார்.

கோபத்தில் எங்கே போகிறாரோ என்று ஜெயவேலைப் பின்னால் அனுப்பினோம். நேராக அத்தாவுல்லாவின் பூத்துக்குத்தான் போயிருக்கிறார். அன்றைக்கு அவர் கத்தவில்லையாம். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது என்றான் ஜெயவேல்.

"ஆமாண்ணே, வெடிச்சிருச்சி. நல்ல எடுப்பு... இல்ல, நான் வளக்கல. அவ வளத்தது... ஆமா, சீனிதான். அவ வரமாட்டேங்காண்ணே. நான் மட்டும் வந்து அங்கன என்னத்தப் பிடுங்க?"